முதுகு நோகாத பஸ்

அந்த ஜெர்மன் கிழவி என்னுடைய பஸ்ஸில் ஏறவே மாட்டார். தேவாலயத்துக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறப்பேன். அவர் மூக்கில் குந்திய இலையானைக் கலைப்பதுபோல் கையை வீசி, போ போ என்பார். பின்னால் வரும் டீசல் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் இதே கதைதான். என் பஸ்ஸின் கூரையில் ஐதரசன் வாயு நிரப்பிய உருளைகள் இருந்தன. அவருக்கு அது பஸ் அல்ல, குண்டு.

அப்போது நான் ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நகரத்தில் பஸ் சாரதி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, பிறகு பஸ் ஓட்டும் அனுமதி எடுத்து, ஒருவாறு நிரந்தர வேலையில் ஒட்டிக்கொண்டவன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, ஐதரசனில் ஓடும் பஸ்களைச் சில நகரங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். எங்கள் நகரத்துக்கும் சில வந்தன. நாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐதரசன் என்று படித்ததை இங்கே படிக்க வரும் இந்தியப் பிள்ளைகள் ஹைட்ரஜன் என்பார்கள். பெயர் எதுவானாலும் அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் பயப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். கூரை உருளையிலிருந்து ஐதரசன் வரும், வெளிக்காற்றிலிருந்து ஒட்சிசன் வரும். இரண்டும் எரிபொருள் கலம் என்ற பெட்டிக்குள் சந்திக்கும். பெயரில்தான் எரிபொருள், உள்ளே நெருப்பே கிடையாது. மின்சாரம் பிறக்கும், மிச்சமாகத் தண்ணீர் வரும். மின்சாரம் மோட்டரை ஓட்டும், தண்ணீர் ஆவியாகிக் கூரையால் போகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். குளிர்காலத்தில் அந்த ஆவி வெள்ளையாக எழும்பினால் போதும், யாராவது ஒருவர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார்.

என்னை ஏன் அந்த பஸ்ஸில் போட்டார்கள் என்றால், வேறு யாரும் வரவில்லை. மூப்பில் முன்னுக்கு நின்ற ஜெர்மன் சாரதிகளுக்குப் புது பஸ்ஸின் கரைச்சல் வேண்டாம். கரைச்சலும் கொஞ்சநஞ்சமல்ல. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பாது, தன்னைத்தானே ஒவ்வொன்றாகப் பரிசோதித்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். குளிரில் வெளியே விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து கலம் கெட்டுப்போகும், ஆகவே கைக்குழந்தையைப் போல வெப்பமாக வைத்திருக்க வேண்டும். சும்மா நல்லாய் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு பிழை என்று காட்டி நின்றுவிடும். டிப்போவில் எழுதி ஒட்டாத குறையாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது, இது யாருக்கும் வேண்டாத பிள்ளை. வேண்டாத பிள்ளையை வெளிநாட்டுக்காரனிடம் கொடுத்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வீட்டுப் படியில் ஏறும்போதுதான் கவனித்தேன். நான் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. வருடக்கணக்காக அந்தப் படியை ஒரு கையால் சுவரையும் மறுகையால் கைப்பிடியையும் பிடித்து ஏறியவன் நான். டீசல் பஸ்ஸின் இயந்திரம் நிற்கும்போதும் நடுங்கும், அந்த நடுக்கம் இருக்கையால் ஏறி இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் போய்க் குந்திக்கொள்ளும். வைத்தியர் பிளாஸ்டிக் முள்ளந்தண்டு ஒன்றை மேசையில் வைத்து, இந்தத் தட்டுகளுக்கு நடுவில் இருப்பது உங்களுக்குத் தேய்ந்துவிட்டது, வேலையை மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, ஐம்பதைத் தொட்டவன் எந்த வேலைக்கு மாறுவது? ஐதரசன் பஸ்ஸின் கூரையில் காற்றை அமுக்கும் இயந்திரம் ஒன்று நாள் முழுக்க ஊளையிடும். காதுக்கு வேதனைதான். ஆனால் இருக்கை அதிராது.

இடுப்பு நோவு போய்விட்டதை மனைவி நம்பவில்லை. "இஞ்சாருங்கோ, நாரி நோவு உண்மையா விட்டுட்டுதே?" என்று நாலைந்து நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம். எண்ணெய் போத்திலை உள்ளை வையும்," என்றேன்.

இரவில் என் முதுகுக்குத் தடவும் அந்தப் போத்தலை அவர் உள்ளே வைக்கவில்லை. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். எங்கள் வீட்டில் எந்த நன்மைக்கும் மாதாவுக்குத்தான் முதல் பங்கு, விஞ்ஞானத்துக்குப் பிறகுதான்.

அந்த வசந்தகாலத்தில் கிழவி ஒருநாள் என்னுடன் கதைத்தார். கோளாறு காட்டி பஸ் அவருடைய தரிப்பிலேயே நின்றுவிட்டது. நான் இறங்கி, டிப்போவிலிருந்து ஆள் வரும்வரை அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கே யுத்தம் நடக்கிறதல்லவா?" என்றார்.

"ஆம். பொம்மர் வந்து குண்டு போடும்போது நாங்கள் பங்கருக்குள் ஓடுவோம்."

பங்கர் என்ற சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த நகரத்தில் அதே சொல்லுக்குள்தான் இருந்தாராம். அம்மாவின் கோட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, பஸ்ஸின் கூரையைக் காட்டி, "எல்லாம் தெரிந்தும் நீங்கள் எப்படி அதற்குக் கீழே உட்காருகிறீர்கள்?" என்று கேட்டார்.

அழுத்தம், பாதுகாப்பு வால்வு, வாயு கசிந்தால் மேலே போய்விடும் என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் சொல்லியிருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது. "எனக்கு முதுகு நோவதில்லை, அம்மா," என்றேன். அப்போதும் பின்னால் வந்த டீசலில்தான் ஏறிப் போனார்.

வெள்ளோட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு ஜெர்மன் பொறியியலாளர் இருந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். எந்நேரமும் எண்ணெய்க்கறை படிந்த கையும் தூக்கமில்லாத கண்ணுமாகத் திரிவார். என்னை மதிக்கிறவர், நானும் அவரை மதித்தேன். கோடை முடிந்ததும் மாநகரசபைக் குழு கூடி, இந்த பஸ்களை இன்னும் சில வருடம் ஓட விடுவதா, மூட்டை கட்டுவதா என்று தீர்மானிக்கப்போகிறது என்று அவர்தான் சொன்னார். நீடித்தால் புதிய பஸ்கள் வரும், அந்த இருக்கையிலேயே ஓய்வூதியம்வரை இழுத்துவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். மூடினால் எனக்கு டீசல்தான், டீசலென்றால் எனக்கு நடக்க முடியாத நாள் தூரத்தில் இல்லை.

"குழுவில் உள்ளவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள்," என்றார் அவர். "பஸ் ஏன் வெறுமையாக ஓடுகிறது என்று. சனம் நிறைந்த ஒரு படமாவது பத்திரிகையில் வந்தால் நன்றாக இருக்கும்."

சனம் நிறைந்த பஸ்தானே வேண்டும்? நான் சிரித்துவிட்டேன். "என்னுடைய ஆட்களைக் கூப்பிட்டால் நிற்கவும் இடமிருக்காது," என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை.

ஒவ்வொரு ஆவணியிலும் ஜெர்மனியில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் கெவலார் மாதா கோவிலுக்கு யாத்திரை போவார்கள். எங்கள் நகரத்திலிருந்து போய்வரும் தூரத்துக்கு ஒரு தடவை நிரப்பும் ஐதரசன் போதும், கொஞ்சம் மிஞ்சும். பொறியியலாளர் மேலிடத்தில் அனுமதி எடுத்துவிட்டார். சுற்றுச்சூழலும் வெளிநாட்டவரும் ஒரே படத்தில் வருவதென்றால் எந்த மேலிடம் வேண்டாமென்று சொல்லும்? மாலையில் பஸ் டிப்போவுக்குத் திரும்பும் நேரத்துக்குப் பத்திரிகைக்காரரையும் வரச் சொன்னார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். டீசல் பஸ் நிற்கும்போது இயந்திரத்தை அணைத்துவிடலாம். இந்த பஸ்ஸை அணைத்தால் மறுபடி எழுப்புவது பெரிய பாடு, ஆகவே அணைப்பதில்லை. அணைக்காமல் நின்றால் நிற்கும் நேரமெல்லாம் வாயு செலவாகிக்கொண்டே இருக்கும். ஓடாமல் நின்றாலும் இதற்குச் சாப்பாடு போட வேண்டும். ஆட்களுக்காகக் காத்து நிற்கவேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாகனம் உலகத்தில் இல்லை. எங்கள் சனமோ, காத்திருக்க வைப்பதில் பட்டம் வாங்கியவர்கள்.

அன்றைக்கு டிப்போ வாசலில் சொன்ன நேரத்துக்கு வந்தவர்கள் நானும் பொறியியலாளரும் மட்டும்தான். மற்றவர்கள் சட்டி பானையுடன் ஆடி அசைந்து வந்தார்கள். நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குள் ஒருவரும் நின்றபடி வரக்கூடாது, இருக்கைக்கு ஒருவர் என்று கறாராகச் சொல்லியிருந்ததால் அதில் மட்டும் பிசகில்லை. எல்லாரும் ஏறியபிறகு, யாத்திரை ஒழுங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி ஒருத்தி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, ஆஸ்பத்திரிச் சந்தியிலை ரெண்டு குடும்பம் நிக்குது. வழியிலைதானே, ஏத்திக்கொண்டு போவம்."

"அது வழியில்லைத் தங்கச்சி. அது மற்றப் பக்கம்."

"அவைக்கு எண்டு இடம் பிடிச்சு வச்சிட்டனண்ணை. இப்ப விட்டுட்டுப் போனா என்ன நினைப்பினம்?"

இந்த 'வழியிலைதானே' என்ற சொல் இருக்கிறதே, எங்கள் சனத்தின் வாயில் அது வரைபடத்தையே மடித்துவிடும். ஆஸ்பத்திரிச் சந்திக்குப் போனோம். அங்கே ஒரு குடும்பம்தான் நின்றது. மற்றக் குடும்பம் 'அந்தா வருகுது, இந்தா வருகுது' என்று கைத்தொலைபேசியில் வந்துகொண்டே இருந்தது. கூரையில் ஊளை கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம். ஒருவரை ஏற்றிவிட்டு மற்றவரை ஏலாது என்று எப்படிச் சொல்வது? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று தெரிந்துகொண்டே இடம் கொடுத்தேன்.

கெவலாரில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்ததால் அங்கே மட்டும் பஸ்ஸை அணைத்தோம், மறுபடி எழுப்பும் பாட்டைப் பொறியியலாளர் ஏற்றுக்கொண்டார். பூசை நன்றாக நடந்தது. மனைவி நேர்ந்த மெழுகுதிரியைக் கொளுத்தினார். நானும் முழந்தாளில் நின்று, மாதாவே அந்தக் குழுவின் மனதை மாற்று என்று கேட்டேன். எழும்பும்போது முதுகு நோகவில்லை. மத்தியானம் மரத்தடியில் துணி விரித்து, இடியப்பமும் சம்பலும் கோழிக்கறியும் பரிமாறினார்கள். பொறியியலாளரை நடுவில் இருத்தி ஆளுக்கொரு கரண்டி போட்டார்கள். அவர் மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டார். இவ்வளவு காலத்தில் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது கணக்குப் பார்த்தோம். நேரே டிப்போவுக்குப் போனால் மிச்ச வாயு போதும். இனி எங்கும் நிறுத்துவதில்லை என்று நான் ஒலிபெருக்கியில் சொன்னேன். எல்லாரும் "ஓமோம்" என்றார்கள். நகரத்தை நெருங்கும்போது அந்தத் தங்கச்சி மறுபடியும் வந்தாள்.

"அண்ணை, ஒண்டும் நினையாதேங்கோ. பின்னுக்கு இருக்கிற அம்மாவை மட்டும் வீட்டடியிலை இறக்கிவிட ஏலாதே?"

"ஏலாது. நான் சொன்னனானெல்லே."

இப்போது மனைவி முன்னுக்கு வந்தார். "பாவமப்பா. அந்த மனிசிக்கு நாரி நோவு. டிப்போவிலையிருந்து ரெண்டு ரெயின் மாறி எப்பிடிப் போறது? உங்களுக்குத் தெரியாததே?"

எனக்குத் தெரியும். அதுதான் வினை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் முடியாது என்றிருப்பேன். கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா இருக்கையின் விளிம்பில், ஒரு பக்கம் சரிந்து, முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் டீசலில் அப்படித்தான் உட்காருவேன். பொறியியலாளரைத் திரும்பிப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். மத்தியானம் அவருக்குக் கோழிக்கறி போட்டது அந்த அம்மாதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய அவருக்கும் மனம் வரவில்லை போலும்.

"போகலாம் என்று நினைக்கிறேன்," என்றார்.

அந்த அம்மாவை வீட்டு வாசலில் இறக்கினோம். அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து, "நல்லாயிருப்பாய் ராசா," என்றார். அங்கிருந்து டிப்போவுக்குப் போகும் சிறிய தெருவில், இரண்டு பக்கமும் சோளக்காடாக இருந்த இடத்தில், திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூரையின் ஊளை மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது. ஓட்டத்தின் நடுவில் அந்தச் சத்தம் நின்றுபோனால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

டீசல் என்றால் கலனில் வாங்கிவந்து ஊற்றலாம். ஐதரசனை எதில் வாங்குவது? அந்த வாயுவை நிரப்ப எங்கள் டிப்போவைத் தவிர அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு இடமே இல்லை. இப்படி ஒரு பஸ் தெருவில் நின்றால் உடனே தீயணைப்புப் படைக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்தோம். நீல விளக்கு சுழல வந்தார்கள், நாடா கட்டினார்கள், சனத்தையெல்லாம் சோளக்காட்டு ஓரமாகத் தூரத்தில் நிற்க வைத்தார்கள். உருளை நிறைய வாயு இருந்தபோது காவலுக்கு ஒருவரும் வரவில்லை, தீர்ந்தபிறகு ஒரு படையே வந்தது. டிப்போவில் காத்திருந்த பத்திரிகைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு அங்கேயே வந்துவிட்டார். பொறியியலாளர் தெருவோரப் புல்லில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. சேலை கட்டிய பெண்கள், கையில் சட்டி பானை, பின்னால் சோளம், நடுவில் வெறும் பஸ். மகள் வாசித்துச் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் தேவாலயத் தரிப்பில் கிழவி அந்தப் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார். வழக்கம்போலக் கையை வீசவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

குழு கூடிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாரதியின் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். சுத்தமான காற்று, புகையில்லாத நகரம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று பொறியியலாளர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நானும் பாடமாக்கியிருந்தேன். ஒரு உறுப்பினர், நல்ல மனிதர்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உண்மையைச் சொல்லுங்கள், இந்த பஸ்ஸில் உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று கேட்டார். உண்மையை என்று கேட்டதால் பாடம் மறந்துபோய்விட்டது.

"எனக்கு முதுகு நோவதில்லை," என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. டீசலின் நடுக்கத்தைப் பற்றி, படியேறுவதைப் பற்றி, எத்தனை சாரதிகள் ஓய்வூதியத்துக்கு முன்பே இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நன்றி சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மூடுவதென்றே தீர்மானித்தார்கள். பொறியியலாளர் என்னைத் தன் வேலைக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"சோளக்காட்டால் அல்ல. அதை மனதில் வைத்திருக்காதீர்கள். கலங்கள் தேய்ந்துவிட்டன, புதிது போடப் பணம் ஒதுக்க ஒருவரும் தயாராக இல்லை. இன்னும் பத்து வருடம் கழித்து எல்லாரும் இதைத்தான் தேடி வருவார்கள்."

மேசையில் பிரித்து வைத்த கலம் ஒன்று கிடந்தது. மெல்லிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் நடுவில் ஒரு தோலை வைத்து இறுக்கியிருந்தார்கள். அந்தத் தோல்தான் தேய்ந்துபோனது என்று ஒன்றை உரித்துக் காட்டினார். வைத்தியரின் மேசையில் இருந்த முள்ளந்தண்டு என் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கும் அதே இடத்தில்தான் தேய்ந்திருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அவருடைய கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்ததால் சொல்லவில்லை. அவருக்குப் பத்து வருடம் காத்திருக்க வயதிருந்தது. எனக்கு இல்லை, அதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பஸ்களைக் கழற்றினார்கள். நான் டீசலுக்குத் திரும்பிய முதல் நாள் காலை, மனைவி எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்தார். சாவியைத் திருப்பியதும் உடனே கிளம்பியது, அந்த நன்மை டீசலுக்கு உண்டு. நடுக்கம் இருக்கையால் ஏறி, விட்டுப்போன இடத்தை மறக்காமல் வந்து குந்திக்கொண்டது. நாலாவது தரிப்பிலேயே நான் விளிம்புக்கு நகர்ந்து, ஒரு பக்கம் சரிந்துவிட்டேன்.

தேவாலயத் தரிப்பில் கிழவி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டதுமே எழும்பிவிட்டார். கதவைத் திறந்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் படியேறி, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் முன்பு பார்த்ததில்லை. என் தோளில் கையை வைத்தார்.

"கடவுளுக்கு நன்றி," என்றார். "தினமும் உங்களுக்காகப் பிரார்த்தித்தேன். இனி உங்களுக்கும் பயமில்லை."

இவ்வளவு காலமும் அவர் தன்னுடைய உயிருக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, அவர்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். நான் கெவலாரில் கேட்டது ஒன்று, இவர் இங்கே இருந்து கேட்டது இன்னொன்று, மாதா இவருடையதைக் கேட்டுவிட்டார். யாரைக் கோபிப்பது? "நன்றி, அம்மா," என்றேன். கதவை மூடினேன். பஸ் குலுங்கிப் புறப்பட்டது, நான் பல்லைக் கடித்தேன். அவர் எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து, சந்தைத் தரிப்பு வரும்வரை சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டே வந்தார்.